வாய்க்குழாயில் வெட்டு

இடுப்பில் தொடங்கிய வலி விடியும்போது முட்டிக்கு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவின் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்தால் அப்படித்தான் ஆகும். கருப்பண்ணன் மலையில் பாறைமேல் படுத்து வளர்ந்தவன். ஆனால் பாறை பகல் வெயிலை வைத்திருந்து ராத்திரியில் கொஞ்சம் கொடுக்கும். இந்தத் தரை உடம்பிலிருந்த சூட்டையும் உறிஞ்சிக்கொண்டது. சுவரைப் பிடித்து எழுந்து, மரத்துப்போன காலைத் தரையில் தட்டினான். நேற்றெல்லாம் டீயும் பன்னும். வயிறு கேட்பதை நிறுத்தியிருந்தது.

உள்ளே ஆண்கள் வார்டில் அவன் மகன் ராஜேஷ்குமார் கிடந்தான். இரண்டு கண்ணுக்கும் கட்டு. கன்னத்திலும் கழுத்திலும் துப்பாக்கி ரவை பாய்ந்த இடமெல்லாம் அம்மை போட்டதுபோல் கறுத்திருந்தது. வலது கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணில் வெளிச்சம் தெரியலாம், ஆள் முகம் தெரியாது என்றார். கருப்பண்ணனின் மனைவி ராணியம்மாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மகனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால் அவன் பதறி எழுந்து உட்காருகிறான். யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் படுக்கிறான்.

சங்கராபுரத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், நாராயணசாமிக்கு மக்காச்சோளக் கொல்லை இருந்தது. கருப்பண்ணன் அங்கே காவல். காட்டுப் பன்றி இறங்காமலிருக்கக் கொல்லையைச் சுற்றி இடுப்பளவுக்குப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார்கள். பாதிச் சேலை ராணியம்மாள் கட்டிக் கிழித்தவை. நாராயணசாமியிடம் லைசென்சு துப்பாக்கி உண்டு. போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் ராஜேஷ்குமார் அப்பனைத் தேடிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். கருப்பண்ணன் உரக்கடைக்குப் போயிருந்தான். சேலைக்கு அந்தப் பக்கம் நின்ற ராஜேஷ்குமார்மேல் நாராயணசாமி சுட்டான். மேலே போன ரவை முகத்தில் பாய்ந்தது. கீழே போனது சேலையைத் துளைத்து இடுப்பிலும் தொடையிலும் ஏறியது.

பன்றி என்று நினைத்து மோட்டார் கொட்டகையிலிருந்து சுட்டேன் என்று நாராயணசாமி எழுதிக் கொடுத்திருந்தான். கொட்டகை தூரம். அந்த நேரத்தில் அங்கிருந்து பார்த்தால் சோளத்தட்டைக்கு நடுவில் அசைவது பன்றியா ஆளா என்று யாராலும் சொல்ல முடியாது. அது நிஜம்தான்.

ராஜேஷ்குமார் சொன்னது வேறு. நாராயணசாமி கொட்டகையில் இல்லை, களத்து மேட்டில் நின்றான். கூப்பிட்டால் குரல் எழுப்பாமல் பதில் சொல்லும் தூரம். "யார்ரா அது" என்று கேட்டான். "நான்தாங்க, ராஜேஷு" என்று சொன்ன பிறகுதான் துப்பாக்கியைத் தூக்கினான்.

ஏன் சுட்டான் என்பதற்கும் காரணம் இருந்தது. ராஜேஷ்குமார் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. நாராயணசாமி கூலியைக் குறைத்ததும், மலையிலிருந்து இறங்கிய அத்தனை ஆட்களையும் கூட்டிக்கொண்டு மணலூர்பேட்டைப் பக்கம் போய்விட்டான். நாராயணசாமியின் கரும்பு வெட்ட ஆளில்லாமல் பூ விட்டு நின்று சக்கையானது. "மலையான் எனுக்கு ஞாயம் சொல்றானா, அவன் கண்ணு தெரியுதான்னு பாக்கறேன்" என்று டீக்கடையில் பேசியதைக் கேட்ட ஆட்கள் இருந்தார்கள். ஸ்டேஷனில் வந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

களத்து மேடா, மோட்டார் கொட்டகையா. கேஸ் அதில்தான் நின்றது. கிட்டத்திலிருந்து சுட்டான் என்றால் ஆள் தெரிந்தே சுட்டான். கொட்டகையிலிருந்து என்றால் தவறிப் பட்டது.

துப்பாக்கி பற்றித் தெரிந்த ஒருவரைப் போலீஸ்காரர்கள் விழுப்புரத்திலிருந்து கூட்டிவந்தார்கள். அவர் ஓட்டை விழுந்த சேலையை அவிழ்த்துக் கயிற்றுக் கட்டிலில் விரித்தார். ராணியம்மாளின் ஊதாச் சேலை. ஒரு முறம் அகலத்துக்கு ஓட்டைகள் பரவியிருந்தன. சப்-இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வியிடம் அவர் சொன்னதை, கட்டிலின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்த கருப்பண்ணன் ஒரு சொல் விடாமல் கேட்டான்.

"இந்த அகலத்த மட்டும் வச்சி தூரம் சொல்ல முடியாது மேடம். குழல் வாயில எந்த சோக் டியூப் மாட்டியிருந்துதுன்னு தெரியணும். ரவைய விரிக்கிற டியூப்னா கிட்டத்துலயே இவ்ளோ அகலம் வந்துடும். அப்ப அந்தக் களத்து மேடு. சேத்து அடிக்கிற டியூப்னா இவ்ளோ விரியறதுக்கு ரொம்ப தூரம் போவணும். அப்ப கொட்டகை."

"துப்பாக்கியில இப்ப ஒரு டியூப் இருக்கு. டப்பாவுல இன்னொண்ணு இருக்கு" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "அவரே மறுநாள் காலையில கொண்டாந்து ஒப்படைச்சாரு. ராத்திரி பூரா அவர் வூட்லதான் இருந்துது."

"அப்ப சுட்ட நேரத்துல எது இருந்துதுன்னு யாராவது சொன்னாதான் உண்டு."

சொல்லக்கூடிய ஆள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மலேசியாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் நாராயணசாமி வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. குழலின் வாயில், உள்ளே மரை போட்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழாயைத் திருகி மாட்டலாம், கழற்றலாம். அப்படி இரண்டு குழாய். ஒன்று துப்பாக்கியில் இருக்கும், மற்றது ஒரு தைல டப்பாவில் துணி சுற்றிக் கிடக்கும். நாராயணசாமி சோக் என்பான். கருப்பண்ணனுக்கு அது வாய்க்குழாய். துப்பாக்கியைத் துடைத்து விளக்கெண்ணெய் போடுவது அவன் வேலை. குழாய்மேல் இங்கிலீஷ் எழுத்து ஏதோ தேய்ந்திருந்தது. அது வேண்டியதில்லை. குழாயின் விளிம்பில் அரத்தால் ராவியதுபோல் சின்ன வெட்டுகள் உண்டு. ஒன்றில் ஒரு வெட்டு. மற்றதில் ஐந்து. கழற்றாமலே, குழல் வாயில் நகத்தை ஓட்டினால் எது உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சம்பவத்துக்கு முதல் நாள் அவன் துடைத்தான். நகத்தை ஓட்டினான். ஐந்து வெட்டு.

வெட்டு எதற்கு என்று நாராயணசாமி சொன்னதில்லை, இவன் கேட்டதுமில்லை. கேட்க என்ன இருக்கிறது? கருப்பண்ணனின் அப்பனிடம் கரிமருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மருந்தைக் கொட்டி, நார் வைத்து, கம்பியால் கெட்டித்த பிறகு, கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்ப்பார்கள். கம்பியில் வெட்டுப் போட்டிருப்பார் அப்பன். ஒரு வெட்டு வெளியே நின்றால் காடை, கவுதாரிக்கு, கிட்டத்துச் சுடு. ஐந்து வெட்டு நின்றால் எதிர்ச் சரிவில் நிற்கும் பன்றிக்கு. மலையில் எந்த வீட்டிலும் கம்பிக்கு அதுதான் கணக்கு. வெட்டு ஏறினால் தூரம் ஏறும். இதை அவன் பால்குடி மறந்த வயதிலேயே தெரிந்துகொண்டான்.

அதனால்தான் அவன் கட்டிலைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு நகர்ந்தான். உள்ளே இருந்தது ஐந்து வெட்டு. ஐந்து வெட்டு என்றால் தூரத்துக்கு. நிஜத்தைச் சொன்னால் நாராயணசாமி கொட்டகையில் நின்றான் என்று ஆகிவிடும்.

மறுநாள் மத்தியானம் தனசேகரன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நாராயணசாமியின் அக்கா மகன், கரும்பு லாரி வைத்திருப்பவன். வெள்ளைச் சட்டையும் கையில் ஆரஞ்சுப் பையுமாக வராந்தாவில் நின்றான்.

"யோவ் கருப்பண்ணா, இன்னாயா தரையில உழுந்து கெடக்கற. ரூம்பு எடுத்துத் தரேன்னு மாமா சொன்னாரே."

"வாணாம்."

"ரோசம். சரி, கேளு. நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்புடுவாங்க. துப்பாக்கி தொடைக்கிறவன் நீதான்னு எவனோ போட்டுக் குடுத்துட்டான். எந்த சோக்கு இருந்துச்சின்னு கேப்பாங்க. தெரியலன்னு சொல்லிடு."

"தெரியுமே."

"உனுக்கு ஏபிசிடி தெரியுமாயா? அதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிப்பியா? அப்பறம் இன்னா தெரியும். தெரியலன்றதுல பொய்யி ஒண்ணும் இல்ல. மாமா கறவ மாடு ஜோடியா புட்ச்சித் தரேன்றாரு. பையன மெட்ராஸுக்கு இட்டுக்கினு போயி காட்றேன்றாரு."

வார்டு வாசலில் ராணியம்மாள் வந்து நின்றாள்.

"மாட்ட புட்ச்சாந்து யாரு மேய்க்கறது? கண்ணு இல்லாதவனா? மாட்டு வாலப் புட்ச்சிக்கினு போவ சொல்றியா எம்புள்ளய?"

"இல்லம்மா, நல்லதுக்குத்தான்…"

"நல்லதுக்கு வந்தவன் ஆரஞ்சி வாங்கியாந்துகீற. சுட்டவன் இன்னாத்துக்கு வரல? துப்பாக்கி புட்ச்ச கையி ஆரஞ்சி புட்ச்சா நோவுதா?"

வராந்தாவில் படுத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தனசேகரன் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனான். கருப்பண்ணன் அதைத் தொடவில்லை. அந்த ரெண்டு பேரும் உரித்துத் தின்றார்கள்.

அன்று முழுக்க அவன் இதையே நினைத்துக்கொண்டிருந்தான். ஐந்து வெட்டு உள்ளே இருந்து, நாராயணசாமி களத்து மேட்டிலிருந்து சுட்டிருந்தால், ரவை ஒரு கொத்தாகப் போய்ச் சேலையில் கைப்பிடி அகலம் ஓட்டை போட்டிருக்க வேண்டும். சேலையில் முறம் அகலம் இருந்தது. கணக்கு இடித்தது. எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: மகன் பொய் சொல்ல மாட்டான். மேஸ்திரி வேலையிலேயே ஒரு கட்டுக் கரும்பைக் கூட்டிச் சொல்லாதவன். அப்படியானால் குழாய்தான் பொய் சொல்கிறது. தான் துடைத்து வைத்த பிறகு நாராயணசாமி ஐந்தைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டியிருப்பான். அப்படித்தான் இருக்கும். அப்படியானால் ஒற்றை வெட்டு என்று சொல்வது பொய்யும் இல்லை. நடந்தது அதுதான், தான் கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவே.

பொழுது போகப் போக அந்த எண்ணம் கெட்டிப்பட்டது. ராணியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் செந்தமிழ்ச்செல்வி அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவன் விளிம்பில் உட்கார்ந்தான்.

"பெரியவரே, துப்பாக்கியில எந்த டியூப் இருந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். டப்பாவுல எதுன்னும் சொல்ல மாட்டேன். நீங்க கடைசியா எப்பத் தொடைச்சீங்க?"

"மொத நாளு."

"அப்ப உள்ள இருந்தது எதுன்னு தெரியுமா?"

"நெகத்த ஓட்டிப் பாப்பேங்க. வெட்டு தெரியும்."

"எத்தினி வெட்டு?"

"ஒத்த வெட்டு."

பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க."

"நல்லா ரோசன பண்ணுங்க. அவசரம் இல்ல. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வாணாங்க. ஒண்ணுதான்."

"யாராவது இப்படிச் சொல்லுன்னு சொன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க. உங்க மகன் சொன்னத படிச்சிட்டுத்தான் கேக்கறேன்."

மூன்றாம் தடவையும் கேட்டபோது கருப்பண்ணனுக்கு உள்ளே எரிந்தது. இவளும் நாராயணசாமி ஆள்தான் என்று நினைத்தான். உண்மை வாயிலிருந்து வந்துவிட்டதே, அதைத் திருப்பி உள்ளே தள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தான்.

"யாரும் சொல்லித் தரலம்மா. மாடு தரேன்னாங்க, வாணான்னு வந்துட்டேன். தொடச்சவன் நானு. ஒத்த வெட்டு. எங்க வேண்ணா சொல்லுவேன்."

அவள் எழுதினாள். படித்துக் காட்டினாள். அவன் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தான். வெளியே வந்தபோது இடுப்பு வலி குறைந்ததுபோல் இருந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றான். பல நாளுக்குப் பிறகு சாம்பாரின் ருசி தெரிந்தது. மகனுக்கும் பார்சல் வாங்கிப் போனான்.

"சொல்லிட்டியாப்பா?" என்றான் ராஜேஷ்குமார்.

"சொல்லிட்டேன். இனிமே அவன் தப்ப மாட்டான்."

ராஜேஷ்குமார் கையை நீட்டித் தடவினான். அப்பனின் முழங்கை கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

நாலைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில், ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் கருப்பண்ணன் நிற்கும்போது தனசேகரன் பைக்கை நிறுத்தினான். இந்தத் தடவை யோவ் இல்லை.

"கருப்பண்ணே, வாங்க, உக்காருங்க. அண்ணனுக்கு டீ போடுப்பா, சக்கர ஜாஸ்தி. வட சூடா கீதா?"

கருப்பண்ணன் உட்காரவில்லை. தனசேகரன் அவன் தோளை அழுத்தி பெஞ்சில் உட்கார வைத்தான்.

"பேப்பர் பாத்தேங்க. வக்கீலு காட்னாரு. மாமா அழுதுட்டாருண்ணே. சத்தியமா. அந்த மனுசன் அழுது நான் பாத்ததே இல்ல. நான் வந்து பேசினப்ப அண்ணி என்ன அந்தக் கிழி கிழிச்சாங்களே, நானு முடிஞ்சிதுன்னு நெனச்சேன். நீங்க இன்னாடான்னா தெரியலன்னு கூட சொல்லல. மேல ஒரு படி போயிட்டீங்க."

"இன்னா சொல்ற?"

"ஒத்த வெட்டுன்னு சொன்னீங்களே."

"ஆமா. அதான் அவன் கிட்டக்க நின்னு சுட்டான்னு ஆவுதே."

தனசேகரன் அவனைப் பார்த்தான். விளையாடுகிறானா என்று பார்த்தான். பிறகு வடையைக் கையில் வைத்தபடியே சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இன்னாண்ணே சொல்றீங்க? ஒத்த வெட்டுன்னா ஃபுல் சோக்கு. குழலு வாய நல்லா நெரிச்சிடும். ரவ செதறாது, சேந்தாப்புல தூரமா போவும். அஞ்சி வெட்டுன்னா வாயி தொறந்து கெடக்கும், வெளிய வந்ததும் விசிறிடும். வெட்டு ஏற ஏற நெரிப்பு கம்மி. அதுக்கோசரம்தான போட்டு வச்சிகீறான் வெள்ளக்காரன்." ஒரு வாய் வடை கடித்தான். "மாமா காடைக்குன்னு அஞ்சி வெட்டு மாட்டி வச்சிருந்தாரு. நீங்க அத்த சொல்லிடுவீங்களோன்னு அந்த மனுசன் ராத்தூக்கம் இல்லாம கெடந்தாரு. துப்பாக்கியில இருக்கறதும் ஒத்த வெட்டு, தொடச்சவரு சொல்றதும் ஒத்த வெட்டு. இனிமே எவன் இன்னா பேசுவான்? விசுவாசம்னா இதாண்ணே."

கருப்பண்ணன் கையில் டீ இருந்தது. குடித்தான். கொதிக்கக் கொதிக்க முழுவதையும் குடித்தான், நாக்கு வெந்தது அப்புறம்தான் தெரிந்தது. இடித்துக்கொண்டே இருந்த கணக்கு இப்போது இடிக்கவில்லை. ஐந்து வெட்டு உள்ளே இருந்தது. களத்து மேட்டிலிருந்து சுட்டான். முறம் அகலம் விரிந்தது. மகன் சொன்னது, சேலை சொன்னது, அவன் நகம் சொன்னது, மூன்றும் ஒன்றுதான். இவன் வாய் மட்டும் வேறே சொல்லிவிட்டு வந்திருந்தது.

"அரிசி ஒரு மூட்ட மாமா அனுப்பிகீறாரு. வண்டியில கீது" என்றான் தனசேகரன்.

கருப்பண்ணன் எழுந்து நடந்தான். பின்னால் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டது கேட்டது. அவனை அண்ணன் என்று அந்த ஊரில் யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

ஸ்டேஷனில் செந்தமிழ்ச்செல்வி இல்லை. பந்தோபஸ்துக்குப் போயிருந்தாள். வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். அவள் வந்து ஜீப்பிலிருந்து இறங்கும்போதே எழுந்து கும்பிட்டான்.

"அம்மா, அஞ்சி வெட்டும்மா. உள்ள இருந்தது அஞ்சி வெட்டு."

அவள் அவனை உள்ளே கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள்.

"அப்ப முன்ன சொன்னது?"

"பொய்யிம்மா."

"எதுக்கு சொன்னீங்க?"

"அவன மாட்டி வுடணும்னு."

அவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நெற்றியில் தொப்பியின் தடம் இருந்தது. அவளுக்கும் அன்றைக்குச் சாப்பாடு இல்லை போலத்தான் தெரிந்தது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அப்பனின் கம்பி, காடை, பன்றி, வெட்டு ஏறினால் தூரம். சொல்லச் சொல்ல அவனுக்கே அது கிறுக்கன் பேச்சாகக் கேட்டது.

"பெரியவரே, டியூப்ப மாத்திட்டாங்கன்னு எனக்கு மொதல்லயே சந்தேகம்" என்றாள் கடைசியில். "துப்பாக்கியில இருந்ததோட மரையில புது எண்ணெ. டப்பாவுல இருந்ததுல கரி. ஆனா கரி எப்ப ஏறுனதுன்னு கரி சொல்லாது. எவ்வளவு நாளா கெடக்குதுன்னு வக்கீல் கேப்பான். உங்க வாயில அஞ்சின்னு ஒரு வார்த்த வந்திருந்தா நான் புடிச்சிருப்பேன். அதுக்குத்தான் அத்தினி வாட்டி கேட்டேன்."

"இப்ப சொல்றேனேம்மா."

"இப்ப சொன்னா, யாரோ சொல்லிக் குடுத்து மாத்திப் பேசறான்னு வக்கீல் சொல்லுவான். அவன மாட்ட பொய் சொன்னேன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப மகனும் அப்பன் சொல்லிக் குடுத்துத்தான் பேசறான்னு அடுத்த கேள்வி வரும். நான் இத எழுதலன்னா, அப்பனே ஒத்த வெட்டுன்றான், மகன் பொய் சொல்றான்னு ஆவும். எழுதினாலும் அவன்தான் பொய்யன், எழுதலன்னாலும் அவன்தான் பொய்யன்."

"என்ன உள்ள போடுங்க. பொய் சொன்னதுக்கு என்ன போடுங்க. எம்மவன் சொன்னது நெசந்தாம்மா."

"உங்கள உள்ள போட்டா அவனுக்குக் கண்ணு தெரியுமா?" அதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். தாளை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லுங்க. எழுதறேன். எழுதறது என் வேல."

எழுதினாள். பெருவிரல் வைத்தான். அந்தத் தாள் மேலே போனது. அதை வைத்து ஒன்றும் ஆகவில்லை. அஜாக்கிரதையாகத் துப்பாக்கியைக் கையாண்டதில் தவறிப் பட்டது என்று கேஸ் நின்றது. நாராயணசாமி ஜாமீன் வாங்கிக்கொண்டு வந்து சோளத்தை அறுத்தான்.

ராணியம்மாளிடம் அவன் சொன்னான். ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவள் மகனின் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை அலசிக்கொண்டேயிருந்தாள். பிழிந்தாள். உதறினாள்.

"மாட்டயாவது வாங்கி இருக்கலாம்" என்றாள்.

அவன் குழாயை மூடினான்.

"நீ இருந்தத இருந்தபடி சொல்லி இருந்தா போதும். கூட ஒரு மூளை வேண்டியதில்ல." சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அவங்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

கட்டுப் பிரித்து வெளியே அனுப்பிய நாளில் மூன்று பேரும் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், வளைவுக்கு வளைவு ராஜேஷ்குமார் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. வெளியே பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு வளைவு முன்னாலேயே தெரியும். இவனுக்கு ஒவ்வொன்றும் புதிதாக வந்து இடித்தது. கருப்பண்ணன் அவன் தோளை அணைத்துப் பிடித்திருந்தான். முன் சீட்டில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "ஐயோ பாவம், இன்னா ஆச்சி?" என்றாள்.

"பன்னின்னு நெனச்சி சுட்டுட்டாங்களாம்" என்று பக்கத்திலிருந்தவன் இவர்களுக்கு முன்னால் பதில் சொன்னான். பேப்பரில் வந்ததை அவன் படித்திருந்தான்.

ராஜேஷ்குமார் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "என் பேர கேட்டுத்தான் சுட்டான்" என்றான். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு பின்னால் போனான்.

வீட்டுக்கு வந்த பிறகு மேஸ்திரியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். முதல் வாரம் நிறையப் பேர். மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டு முடிந்து திரும்பியவர்கள், இவனோடு வெயிலில் நின்றவர்கள். அவர்களுக்கும் பேச்சு வந்து சேர்ந்திருந்தது. ஒருவன் கள் வாசனையோடு உட்கார்ந்து, "மாப்ள, கோவத்துல நீயும் கொஞ்சம் ஜாஸ்தியா சொல்லிட்டியோ? கொட்டாயிலேருந்துதான் சுட்டான்றாங்களே" என்றான். அவன் கெட்டவன் இல்லை. சும்மா கேட்டான். அடுத்த வெட்டுக்கு வேறு ஆளை மேஸ்திரியாக வைத்துக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள். நாராயணசாமியின் கரும்புக்கும் சிலர் போனார்கள். அவன் கூலியைக் கொஞ்சம் ஏற்றியிருந்தான்.

கருப்பண்ணன் சாமைக் கொல்லையில் களை எடுத்தான். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. நகத்தைப் பார்ப்பதை நிறுத்தினான். மண் ஏறியிருந்தால் கழுவுவதில்லை. வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்திலும் கொல்லையிலேயே நின்றான்.

வீட்டில் ராஜேஷ்குமார் கதவோரம் வெயில் படும் இடத்தில் உட்கார்ந்திருப்பான். இடது கண்ணில் தெரிகிற கொஞ்சம் வெளிச்சம் அங்கேதான் தெரிகிறது. காலடிச் சத்தத்தில் அப்பனைத் தெரிந்துகொள்கிறான்.

"ப்பா."

"இன்னாடா."

"துப்பாக்கி தொடைக்கிறது நீதான. அந்த டியூபு விசயத்துலதான் அவன வுட்டுட்டாங்கன்றாங்க. நீ சொல்லிட்டேன், அவன் தப்ப மாட்டான்னு சொன்னியே. ஸ்டேஷன்ல நீ இன்னா சொன்ன?"

ராணியம்மாள் அடுப்பண்டையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றான் கருப்பண்ணன்.

"வாணாம். இன்னா சொன்ன?"

கருப்பண்ணன் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து மகன் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்திருந்த கொல்லைக்கே திரும்பிப் போனான்.

ராஜேஷ்குமார் அதை அடுத்த நாளும் கேட்டான், அதற்கடுத்த நாளும் கேட்டான். இப்போதும் கேட்கிறான். தன் வாயால்தான் மகன் பொய்யனாக்கப்பட்டான் என்பதைக் கருப்பண்ணன் அவனுக்குச் சொல்லக் கடன்பட்டிருக்கிறான். இன்னும் சொல்லவில்லை.